மூடாத நட்சத்திரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய கனவு: எங்கள் கட்டடத்தின் மாடிப்படிகள் எல்லாம் இழுப்பறைகளாகிவிட்டன. ஒவ்வொன்றிலும் கால் வைக்குமுன் அதைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். மூன்றாவதில் ஒற்றைக் கையுறை. ஏழாவதில் மழைச்சத்தம் மட்டும், மழை இல்லை. எட்டாவதைத் திறக்குமுன் விழித்துவிட்டேன்.

பல் துலக்குமுன்பே இதைத் தூங்குமூஞ்சிக்கு எழுதி அனுப்பினேன். தூங்குமூஞ்சி என்பது உறக்கச் சிகிச்சை மையத்துக்காக நான் எழுதும் சாட்பாட். நோயாளிகள் காலையில் எழுந்ததும் எத்தனை மணி நேரம் தூங்கினோம், என்ன கனவு கண்டோம் என்று அதற்கு எழுதுவார்கள். அது அதை ஒழுங்காக அடுக்கி டாக்டரின் திரைக்கு அனுப்பும். நோயாளி எண்ணும் தேதியும் தடித்த எழுத்தில், கனவு சாய்ந்த எழுத்தில். கனவு சாய்ந்துதான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். படுத்துக்கொண்டு கண்டதை நிமிர்த்தி எழுதினால் நன்றாகவா இருக்கும்?

தடிக்க வேண்டுமென்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி, சாய வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் அடிக்கோடு. நிரலில் இவற்றையெல்லாம் ஒட்டி ஒரே நீள வரியாக்கி அனுப்புகிறேன். போய்ச் சேரும்போது குறிகள் மறைந்து, எழுத்து மட்டும் அதனதன் கோலத்தில் நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை.

மையத்தில் ஒரு விதி: நிரல் எழுதுகிறவர்கள் நோயாளிகளின் கனவைப் படிக்கக் கூடாது. சோதித்துப் பார்க்கச் சொந்தக் கனவைத்தான் போட வேண்டும். ஆறு மாதமாக நான் சம்பளத்துக்குக் கனவு காண்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

எண் 31 என் அக்கா. இது டாக்டருக்கும் முற்றுப்புள்ளிக்கும் மட்டும்தான் தெரியும். முற்றுப்புள்ளி என் பக்கத்து மேசைக்காரர். எதைக் கேட்டாலும் ஒரு சொல்லில் முடித்துவிடுவார். அவரிடம் ரகசியம் சொல்வதில் ஒரு நிம்மதி, அதை வெளியே சொல்ல அவருக்கு வார்த்தை போதாது.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுபவள். இருபத்தொரு வருட அனுபவம். போன வருடம் ஜனவரியில் அத்தான் மாரடைப்பில் போனார். இரண்டு மாதம் துணைக்கு இருக்கிறேன் என்று பெட்டியோடு வந்தவள் நான், பதினாலு மாதம் ஆகிறது, பெட்டி கட்டிலுக்கடியில் தூசு படிந்து கிடக்கிறது. அதற்குப் பிறகு அக்கா சரியாகத் தூங்கவே இல்லை. இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம். நவம்பரில் ஒரு சிக்னலில் ஒரு நொடி கண் அயர்ந்துவிட்டாள். பேருந்து உருண்டுபோய் முன்னால் நின்ற காரைத் தொட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பணிமனையில் அவளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

இனி மையத்தின் கடிதம் இருந்தால்தான் ஸ்டியரிங். பிப்ரவரி 24லிருந்து முப்பது நாள் தினமும் குறிப்பு அனுப்ப வேண்டும், குறைந்தது இருபது குறிப்பாவது வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். அப்படி ஒரு கடிதம் போனால் அக்கா ஓய்வு பெறும்வரை பணிமனை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டியதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

காலை ஐந்தரை. அக்கா பால்கனியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவிளக்கும் விடியலும் ஒரே நேரத்தில் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் எதிர்வீட்டுச் சுவருக்கு நிறமே இல்லை. கைப்பேசியில் ஒரு கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொல், கொஞ்சம் நிறுத்தம், அடுத்த சொல். பிறகு ‘டிங்’. அது தூங்குமூஞ்சியின் நன்றி. ‘உங்கள் குறிப்பு கிடைத்தது. நன்றி.’ நான் எழுதிய வாசகம்தான்.

என்ன எழுதினாய் என்று நான் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்ததும் அக்காவின் கடைசி டிரிப்பில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொள்வார், காலுக்கிடையில் குடை. ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்பது விதி, அதை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்கள். மீதிப் பேச்செல்லாம் கடைசி நிறுத்தத்தில் இறங்கிய பிறகு. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்துக்கு அப்புறமும் இது என்ன கூத்து என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். பொறாமைதான், வேறென்ன.

மார்ச் 12, புதன்

கனவு: பேருந்துக்குள் ஜன்னல்வரை தண்ணீர். எல்லோரும் டிக்கெட்டை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஓட்டுநர் இருக்கையில் யாருமில்லை, ஆனாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, நின்று போகிறது.

ஒன்றரை விநாடியில் டாக்டரின் திரையில் இருந்தது. அழகாகச் சாய்ந்திருந்தது.

மார்ச் 17, திங்கள்

குறிப்புகளின் பட்டியலை இன்றுதான் முதல் தடவையாக எடுத்தேன். இருபத்திரண்டு நாள் முடிந்திருக்கிறது. நோயாளி எண்ணும், நாளுக்கொரு கட்டமும், வந்த குறிப்புகளின் எண்ணிக்கையும் மட்டும்தான் அதில் இருக்கும். எண் 29: இருபத்திரண்டு. எண் 30: பத்தொன்பது. எண் 31: ஐந்து.

ஐந்து.

மிச்சம் எட்டு நாள். எட்டும் வந்தாலும் பதின்மூன்றுதான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்துவிட்டேன். ஒரு குறிப்பு எழுத ஐந்து நிமிடம் ஆகுமா, அதற்குக்கூட உனக்கு முடியவில்லையா என்று. அக்கா தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். “தினமும் எழுதிட்டுத்தான்டி இருக்கேன்” என்றாள். அஞ்சுதான் வந்திருக்கு என்றேன். கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்தாள். மறுபடியும் எடுத்துக் கழுவினாள்.

அப்போது நான் சொன்னேன்: “வேலைக்குப் போக இஷ்டம் இல்லைன்னா நேரா சொல்லிடு. எதுக்கு பால்கனியில உக்காந்து நாடகம்?”

அவள் குழாயை இறுக்கி மூடினாள், அவ்வளவுதான்.

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன். எனக்கெல்லாம் வாய்க்குப் பூட்டுதான் போடணும்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் சமையலறை மேடைமேல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பால்கனியில் அக்கா எழுதினாள். ஒரு சொல், நிறுத்தம், அடுத்த சொல். டிங். நன்றி வந்துவிட்டது. பட்டியலைப் பார்த்தேன். எண் 31: ஐந்து. தண்ணீர் கொதித்து ஆவி ஜன்னலை மூடியது. மறுபடி பார்த்தேன். ஐந்து.

அவ நாடகம் ஆடல. என் கண்ணு முன்னாடி எழுதினா. அப்ப எங்கே போச்சு?

அலுவலகத்தில் முற்றுப்புள்ளியிடம் காட்டினேன். நிரலில் ஓர் இடத்தில் விரல் வைத்து, “பிழைன்னா?” என்று கேட்டார். ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும் என்றேன்.

“அப்போ பேசாமத்தான் இருந்திருக்கு” என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அக்டோபரில் மேலதிகாரிகளுக்குச் செயல்விளக்கம் காட்டிய அன்று, திரையில் சிவப்பு வரி எதுவும் வந்துவிடக் கூடாதே என்று அந்த நான்கு வரிகளை நான்தான் எழுதினேன். பிழை வந்தால் சத்தம் போடாதே. அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை. அது போதாதென்று, டாக்டருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்குமுன்பே நோயாளிக்கு நன்றி சொல்லும்படி வேறு வைத்திருக்கிறேன். பதில் சீக்கிரம் வந்தால் மகிழ்வார்களாம்.

பெட்டியைத் திறந்தேன். இருபத்தொரு குறிப்புகள். மூன்று வேறு யாருடையவோ. பதினெட்டு எண் 31. ஐந்தும் பதினெட்டும் இருபத்து மூன்று. ஒரு நாளைக்கூட அவள் விடவில்லை.

டாக்டரின் திரைக்குக் கொண்டுசேர்க்கும் செய்திச் சேவைக்காரர்கள் ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்ற காரணமும் பக்கத்தில் இருந்தது: ‘நாற்பத்தொன்றாவது எழுத்து: நட்சத்திரம் திறந்திருக்கிறது, மூடப்படவில்லை.’ திரையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நாற்பத்தொன்றாவது எழுத்தை மட்டும் விரலிடுக்கில் பார்த்தேன். ஒற்றை நட்சத்திரம். அடுத்ததிலும் ஒன்று. பதினெட்டிலும் ஒவ்வொன்று. அக்கா எதற்கோ ஒரு நட்சத்திரம் போடுகிறாள். அனுப்பும் இடத்தில் அதைத் தடித்த எழுத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, முடிவு எங்கே என்று தேடி, இல்லையென்றதும் முழுக்குறிப்பையும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். என் கனவுகளில் நட்சத்திரம் வந்ததே இல்லை. இழுப்பறை வந்தது, தண்ணீர் வந்தது, இது வரவில்லை.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. மற்ற மூன்று பேரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். “31கிட்ட நீங்க பேசுங்க. பழைய குறிப்பு, அவங்க சம்மதிச்சாத்தான் நான் படிப்பேன். இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள.”

மார்ச் 19, புதன்

நேற்று மாலையே அக்காவிடம் சொல்லிவிட்டேன். கடிதம் எழுதும்போது முகவரியை உறைமேலும் விஷயத்தை உள்ளேயும் எழுதுவோம் இல்லையா, நான் இரண்டையும் ஒரே தாளில் எழுதித் தொலைத்துவிட்டேன், தபால்காரர் உன் விஷயத்தையே முகவரியென்று படித்து, இப்படி ஓர் ஊரே இல்லையென்று எறிந்துவிட்டார் என்று சொன்னேன். எறிந்ததைச் சத்தமில்லாமல் பொறுக்கி வைத்ததும் நான்தான் என்றேன். அந்த நாடகப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், இங்கே யாரிடம் மறைப்பது?

அக்கா கேட்டாள்: “நான் எழுதினதை யாருமே படிக்கலையா?”

யாருமே படிக்கலை என்றேன்.

“நல்லதாப் போச்சு. அப்படியே இருக்கட்டும்.”

இருபத்தைந்தாம் தேதியைச் சொன்னேன், கடிதத்தைச் சொன்னேன், பணிமனை ஜன்னலைச் சொன்னேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமாகக்கூட இல்லை.

மார்ச் 20, வியாழன்

அக்கா பேசவில்லை. நேற்றுக் காலையும் இன்று காலையும் டிங் சத்தம் கேட்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

ஒட்டுவேலையை எல்லாம் பிய்த்துப் போட்டேன். இனிமேல் குறிகளையும் எழுத்தையும் கலப்பதில்லை. ஒவ்வொரு துண்டும் தான் என்னவென்று தானே சொல்லிக்கொள்ளும். நான் தேதி, தடித்தவன். நான் கனவு, சாய்ந்தவள். கனவுத் துண்டுக்குள் யார் என்ன போட்டாலும் அது வெறும் எழுத்து, அதை யாரும் கட்டளையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். துண்டுகளை வரிசையாகக் கோத்து, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அளவைத் தனியாக எழுதி அனுப்பினால் போதும். நட்சத்திரம் நட்சத்திரமாகவே போய்ச் சேரும்.

நன்றியைக் கடைசிக்கு மாற்றினேன். டாக்டருக்குச் சேர்ந்தால்தான் நன்றி. சேராவிட்டால் என் கைப்பேசி கத்தும். எந்தச் சத்தம் வைக்கலாம் என்று யோசித்துக் குழந்தை அழும் சத்தத்தை வைத்தேன். முற்றுப்புள்ளி முகத்தைச் சுளித்தார்.

மதியம் மேசைமேல் தலைசாய்த்துக் கொஞ்ச நேரம் கண்மூடினேன். சொற்கள் ஒவ்வொன்றாக ஒரு கதவு வழியாக வருகின்றன. ஒன்று கனத்த கோட்டு போட்டிருக்கிறது, ஒன்று ஒருபக்கம் சாய்ந்து நடக்கிறது. கடைசியில் ஒன்று கோட்டு எதுவும் இல்லாமல் வந்து வாசலிலேயே நின்றது. உள்ளே வா என்று கூப்பிட எனக்குப் பெயர் தெரியவில்லை.

எல்லாம் செய்து என்ன? அக்கா சரி என்று சொன்னால்தானே.

மார்ச் 22, சனி

காலையில் பால்கனிக்குப் போனேன். இரண்டு கோப்பை தேநீர் இருந்தது. ஒன்று எனக்கு.

நான் உட்கார்ந்ததும் அக்கா தானாகவே பேசினாள். முதல் சில நாள் டாக்டர் ஏதாவது பதில் போடுவார் என்று பார்த்தாளாம். வரவில்லை. சரி, யாரும் படிப்பதில்லை, சும்மா எண்ணிக்கைக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் மனதில் இருப்பதை எழுத ஆரம்பித்தாளாம். ‘கனவு இல்லை’ என்று எழுதிய ஐந்து மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. டாக்டரைப் பொறுத்தவரை என் அக்கா கனவே காணாத பெண்.

அந்த நட்சத்திரம் எதற்கு என்று கேட்டேன்.

“அவர் பேரை எழுத வரலடி. விரல் போகல. சும்மா விடவும் மனசில்லை. அந்த இடத்துல ஒண்ணு வைக்கணும்ல?”

பிறகு கைப்பேசியைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, நான் கேட்காமலேயே ஒன்றைப் படித்தாள்:

“கடைசி டிரிப். * கடைசி சீட்டுல இருக்கார். கண்ணாடியில பார்க்கிறேன். கடைசி ஸ்டாப் வந்தாச்சு, எல்லாரும் இறங்கியாச்சு. நான் இன்ஜினை நிறுத்தல. நிறுத்தினா இறங்கிப் போயிடுவார்.”

நட்சத்திரம் வந்த இடத்தில் அவள் எதுவும் சொல்லாமல் ஒரு மூச்சு விட்டுவிட்டு மேலே படித்தாள். பதினெட்டும் இதேதானா என்று கேட்டேன். தலையாட்டினாள். ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என் அக்கா. அப்புறம் எப்படித் தூக்கம் வரும்?

கீழே முதல் பேருந்து போயிற்று. அக்கா அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தாள்.

“அனுப்பிடு. நீ படிக்காதே. அந்த நட்சத்திரத்தை மட்டும் யாரும் எடுத்துடக் கூடாது.”

மார்ச் 24, திங்கள்

பதினெட்டையும் அனுப்பினேன். ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணை மூடிக்கொண்டு. நிஜமாகவே மூடிக்கொண்டேன், அன்று போல விரலிடுக்கில்கூடப் பார்க்கவில்லை. குழந்தை அழவில்லை. எண் 31: இருபத்தாறு. அவள் என்னோடு பேசாத பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, இந்த மூன்று தேதிக் கட்டங்கள்தான் காலி. பதினெட்டும் போன பிறகு தூங்குமூஞ்சி பதினெட்டு நன்றி சொன்னது, வீட்டில் அக்காவின் கைப்பேசி நிறுத்தாமல் டிங் டிங்கென்று அடித்ததாம். கோயில் மணி மாதிரி என்று சாயங்காலம் திட்டினாள். அவள் திட்டி எத்தனை நாள் ஆயிற்று.

மார்ச் 27, வியாழன்

டாக்டர் அக்காவை வரச் சொல்லி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். அக்கா நடந்தே வீட்டுக்கு வந்தாள், ஆறு நிறுத்தம்.

“அந்த நட்சத்திரத்தோட பேர் என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். பதினாலு மாசம் கழிச்சு என் வாயால அந்தப் பேரு. வேற யாரோ அவரைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.”

பணிமனைக்குப் போகும் கடிதத்தின் நகலைக் காட்டினாள். ‘முழுமையாக ஒத்துழைத்தார்.’ சிகிச்சை இன்னும் ஒரு மாதம், பிறகு சோதனை ஓட்டம். தூக்கம் வந்தால்தான் அதுவும். கடிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

ஏப்ரல் 2, புதன்

கனவு: எட்டாவது படியின் இழுப்பறையைத் திறந்தேன். அதற்குள் ஒன்பதாவது படி.

ஏப்ரல் 11, வெள்ளி

அக்கா மூன்றரை மணி நேரம் தூங்கியிருக்கிறாள். இதை நான் பட்டியலில் பார்க்கவில்லை, அவளே சொன்னாள். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

“நேத்து இன்ஜினை நிறுத்திட்டேன்.”

நான் என் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் என்று கேட்கவும் பயமாக இருந்தது.

“எந்திரிச்சு முன்பக்கமா வந்தார். எப்பவும் பின்வாசல்லதான் இறங்குவார், நேத்து என் பக்கமா வந்தார். வெளியே மழை. படியில நின்னு குடையை விரிச்சுட்டு இறங்கிட்டார்.”

ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

“ஓட்டுநர்கிட்ட பேசக் கூடாதுல்ல” என்றாள். சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, வெண்ணெய்க் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, அழுதாள். நானும்தான். ரொட்டி ஆறிப்போய்விட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆறு மணிக்குக் கண் விழித்தேன். டிங் கேட்கவில்லை. ஆறரைக்கும் இல்லை. பால்கனியில் அக்கா இல்லை, தெரு மட்டும் இருந்தது.

ஏழுக்குப் பட்டியலைத் திறந்தேன். எண் 31 எதிரே இன்றைய கட்டம் காலி. மறுபடியும் எதையாவது விழுங்கிவிட்டதா? பிழைப் பெட்டியைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. குழந்தையும் அழவில்லை. என் பெயரில் ஒரு சோதனைக் குறிப்பு அனுப்பினேன், நாலு நட்சத்திரமும் ஏழு அடிக்கோடும் போட்டு. சமத்தாகப் போய்ச் சேர்ந்தது. நிரலில் கோளாறு இல்லை. அப்படியென்றால் அவள் எழுதவே இல்லை.

ஏழே முக்காலுக்கு அவள் அறைக் கதவைத் தள்ளினேன்.

இருபத்தெட்டாம் தேதிச் சோதனை ஓட்டத்துக்காக இப்போதே தேய்த்த சீருடை நாற்காலியில் தொங்குகிறது. திரைச்சீலைக்கு நடுவே வெயில் அவள் காலில் விழுந்திருக்கிறது. கைப்பேசி தரையில் கிடக்கிறது. ஒருக்களித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, குறட்டைகூட விட்டுக்கொண்டு அக்கா தூங்குகிறாள்.

திரைச்சீலையை இழுத்து மூடினேன். கைப்பேசியை எடுத்துச் சத்தத்தை அணைத்தேன். வந்து பட்டியலில் இன்றைய கட்டத்தை நானே நிரப்பினேன்.

எண் 31: வரவில்லை.